பட்டுப்புழுவின் பெப்டைடு, பட்டு நூலின் ஜெல்

ஆரணித் தறிகளுக்கு வரும் கச்சாப் பட்டில் இரண்டு புரதங்கள் உள்ளன. நடுவில் இழையாக ஓடுவது ஃபைப்ராயின். அதைச் சுற்றிப் பசையாகப் படிந்திருப்பது செரிசின். எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஃபைப்ராயின், மிச்சம் செரிசின். பட்டுக்கூட்டின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியாக நிற்பது செரிசினால்தான்; கச்சாப் பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருப்பதற்கும் அதுவே காரணம். சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைச் சோடாவும் சோப்பும் கலந்த கொதிநீரில் போட்டுப் பசையை எடுத்துவிடுவார்கள். நூல் சிட்டங்களைக் கழியில் கோத்துக் கொப்பரையில் முக்கித் திருப்பித் திருப்பி விடும்போது தண்ணீர் வழுவழுப்பாகி நுரைக்கும். நூல் குழைந்து பளபளப்பு ஏறும். ஒரு கிலோ கச்சாப் பட்டு கொப்பரையை விட்டு வெளியே வரும்போது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். குறைந்த எடை முழுவதும் செரிசின். அது பெரும்பாலும் சாக்கடையில் போய்ச் சேர்கிறது.

ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்டார நெசவூர்களிலும் காலங்காலமாக நடந்துவரும் இந்தக் கொதிப்பு வேலை இப்போது மருத்துவ ஆய்வகங்களிலும் நடக்கிறது. அங்கே பட்டு சேலையாவதில்லை. தண்ணீரில் கரைந்து ஜெல்லாகிறது. அந்த ஜெல்லில் ஏற்றிப் புண்ணில் வைக்க நினைக்கும் மருந்துகளில் முக்கியமானவை நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள். அவற்றில் சிலவற்றைத் தயாரிப்பது அதே பட்டுப்புழுதான்.

புழுவின் தற்காப்பு

பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டத் தொடங்கும் வரை ஏறத்தாழ 25 நாட்கள். அதற்குள் நான்கு முறை தோலுரித்து, எடையில் சுமார் 10,000 மடங்கு பெருக்கிறது. ஒரு தட்டில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, தங்கள் எச்சத்தின் மீதே ஊர்ந்து, ஈரமான மல்பெரி இலையைத் தின்கின்றன. தொற்று பரவ இதைவிட வாகான இடம் வேண்டியதில்லை. பால்நோயும் சுண்ணாம்புக்கட்டி நோயும் பட்டு வளர்ப்போரை விடாமல் துரத்துகின்றன. ஆனாலும் இலையோடு உள்ளே போகும் பாக்டீரியாக்களால் எல்லாப் புழுக்களும் செத்துவிடுவதில்லை.

மனித உடலில் உள்ளதுபோன்ற ஆன்டிபாடிகள் பூச்சிகளுக்குக் கிடையாது. பாக்டீரியா உடலுக்குள் நுழைந்த சில மணி நேரத்தில், பூச்சியின் கொழுப்புத் திசு சிறிய புரதத் துண்டுகளைத் தயாரித்து ரத்தநீரில் கலக்கிறது. இவையே நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள். ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் போமனின் குழு, செக்ரோப்பியா என்னும் பெரிய காட்டுப் பட்டு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களில் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்து, இத்தகைய பெப்டைடைப் பிரித்தெடுத்தது. 1981இல் வெளியான அந்த ஆய்வில் அதற்கு செக்ரோப்பின் என்று பெயர் வைத்தார்கள். நீளம் 35 முதல் 37 அமினோ அமிலங்கள்தான். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹாராவும் யமகாவாவும் மல்பெரிப் பட்டுப்புழுவிலிருந்தே 42 அமினோ அமிலங்கள் கொண்ட மோரிசின் என்னும் பெப்டைடைக் கண்டுபிடித்தனர். சீழ்ப்புண்களில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியையும் அது கொல்லும்.

மனிதனும் இதில் விதிவிலக்கல்ல. தோல், குடல், நுரையீரல், வெள்ளையணு எல்லாமே இவ்வகைப் பெப்டைடுகளைச் சுரக்கின்றன. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது எல்எல்-37. பெயரில் உள்ள 37 அதன் அமினோ அமில எண்ணிக்கை. அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் 1987இல் ஆப்பிரிக்கத் தவளையின் தோலிலிருந்து மகைனின்களைப் பிரித்தெடுத்த பிறகு மருந்து நிறுவனங்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது.

பட்டுப்புழுவுக்கு மருந்து ஆராய்ச்சியில் இன்னொரு வேலையும் உண்டு. டோக்கியோவில் கஸுஹிஸா செகிமிஸுவின் குழு, புழுக்களுக்கு மனித நோய்க்கிருமிகளைச் செலுத்தி, எந்த மருந்து புழுவைக் காப்பாற்றுகிறது என்று பார்க்கும் முறையை வகுத்தது. எலியைவிட மலிவு, விரல் நீளப் புழுவுக்கு ஊசி போடுவதும் எளிது. லைசோசின் ஈ என்னும் புதிய ஆன்டிபயாடிக் இந்த வழியில்தான் கிடைத்தது.

மருந்துகள் தோற்ற இடம்

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனம் என்னும் உயர்நிலை ஆன்டிபயாடிக்குகளையே உடைத்தெறியும் என்டிஎம்-1 நொதி சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும், ஹரியானாவில் 26இலும், பிரிட்டனில் 37இலும் இருப்பதை அந்தக் கட்டுரை காட்டியது. நொதியின் பெயரில் புது டெல்லி இருந்ததால் இந்தியாவில் எழுந்த கோபம், கட்டுரை சொன்ன விஷயத்தைச் சில மாதங்களுக்கு மறைத்துவிட்டது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயல்திட்டத்தை உருவாக்கின. 2014 மார்ச் 1 முதல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் எச்1 பட்டியலில் சேர்ந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று விதி வந்தது. சீட்டில்லாமல் மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் அதனால் நின்றுவிடவில்லை.

2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை சுமார் 2.97 லட்சம்.

பெப்டைடு ஜெல்லுக்கு இந்த எண்ணிக்கை முழுவதிலும் வேலையில்லை. ரத்தத்திலும் நுரையீரலிலும் பரவிய தொற்றை ஜெல் தொடாது. அதற்கான இடம் உடலின் மேற்பரப்பு: தீக்காயம், அறுவைத் தையல், படுக்கைப்புண், எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரை நோயாளியின் பாதப்புண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நீண்ட நாள் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. குழித்தறியில் வெறுங்காலோடு மிதிகட்டையை மிதிக்கிற ஒருவருக்கு உணர்ச்சி குறைந்திருந்தால், கட்டை உரசி ஏற்பட்ட கொப்புளம் அவருக்கே தெரியாது; மிதிகட்டையில் ஈரம் தெரிந்தபோதோ வீட்டில் யாராவது நாற்றம் வருகிறது என்றபோதோதான் தெரியவரும். அதற்குள் கிருமி ஆழத்துக்குப் போயிருக்கும். ரத்தக் குழாய்களும் அடைத்திருந்தால் விழுங்கிய மாத்திரையோ ஏற்றிய ஊசி மருந்தோ புண்ணின் விளிம்பு வரை போதிய அளவில் வந்து சேராது. மருந்தைப் புண்ணின் மேலேயே வைக்கலாமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இத்தகைய நாட்பட்ட புண்ணில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இந்தப் படிவுக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்வதைவிடப் பல மடங்கு அதிக மருந்து தேவை. அதனால்தான் பாதப்புண்ணுக்கு முதல் சிகிச்சை எப்போதும் கத்திதான்: அழுகிய திசுவைச் சுரண்டி எடுப்பது.

பெப்டைடு எப்படிக் கொல்கிறது

பென்சிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதியைப் பிடிக்கிறது. டெட்ராசைக்ளின் புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடிக்கிறது. இலக்கு ஒரே ஒரு மூலக்கூறு என்பதால், பாக்டீரியா அந்த ஒன்றை மாற்றிக்கொண்டோ மருந்தை உடைத்தோ தப்பிக்க முடிகிறது. பெப்டைடுகளில் பெரும்பாலானவை குறிவைப்பது பாக்டீரியாவின் சவ்வையே.

காரணம் மின்னூட்டம். செக்ரோப்பின், மோரிசின், எல்எல்-37 எல்லாவற்றிலும் லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்கள் நிறைய உண்டு. அவை நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாச் சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் உடையது. மனித செல்லின் சவ்வில் வெளிப்பக்கம் பார்த்த கொழுப்புகள் ஏறக்குறைய மின்நடுநிலை. கொலஸ்ட்ரால் வேறு சவ்வை இறுக்கிவைக்கிறது. ஆகவே பெப்டைடு பாக்டீரியாவை நாடுகிறது, மனித செல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சவ்வில் ஒட்டியதும் அது சுருளாக மடிகிறது. சுருளின் ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். கொழுப்பை விரும்பும் பக்கம் சவ்வுக்குள் அழுந்த, பல பெப்டைடுகள் சேர்ந்து துளையிடுகின்றன அல்லது சவ்வையே குலைத்துவிடுகின்றன. உள்ளே இருந்த பொட்டாசியமும் ஏடிபியும் வெளியே ஒழுகுகின்றன. சோதனைக் குழாயில் இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சவ்வு முழுவதையும் மாற்றியமைப்பது பாக்டீரியாவுக்கு எளிதல்ல. அதனால் இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் வரவே வராது என்று ஆரம்பத்தில் சிலர் எழுதினார்கள். அது மிகை. ஸ்டஃபைலோகாக்கஸ் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினை ஒட்டவைத்து எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடோமோனாஸ் எலாஸ்டேஸ் என்னும் நொதியைச் சுரந்து எல்எல்-37ஐ வெட்டிப்போடும். பெப்டைடு வகை மருந்தான கொலிஸ்டினின் கதை இன்னும் தெளிவான எச்சரிக்கை. 1940களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒதுக்கப்பட்டு, மற்ற மருந்துகள் தோற்றபின் கடைசிக் கையிருப்பாகத் திரும்ப எடுக்கப்பட்டது. 2015இல் சீனாவில் பன்றிப் பண்ணைகளிலும் நோயாளிகளிடமும் அதற்கு எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு கண்டறியப்பட்டது. கோழித் தீவனத்திலும் அந்த மருந்தைக் கலந்துவந்த இந்தியா 2019 ஜூலையில் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் நுண்ணுயிரியலாளர்கள், கொலிஸ்டினுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா கிருமிகளின் மரபணு மாற்றங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டுவருகிறார்கள்.

பெக்சிகனன் தந்த பாடம்

மகைனினைச் சற்று மாற்றி 22 அமினோ அமிலங்களில் செய்த பெக்சிகனன், சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணுக்கான களிம்பாக மருந்துக் கடைக்கு வெகு அருகில் வந்த பெப்டைடு. வாய்வழி ஆஃப்ளாக்சசினோடு ஒப்பிட்ட சோதனைகளில் ஏறக்குறைய அதற்கு இணையாகத் தெரிந்தது. ஆனாலும் அமெரிக்க மருந்து ஆணையம் 1999இல் ஒப்புதல் தர மறுத்தது. பிறகு வேறொரு நிறுவனம் அதைக் கையில் எடுத்து, 0.8 சதவீதக் களிம்பை மருந்தில்லாத அதே களிம்போடு ஒப்பிட்டு இரண்டு பெரிய சோதனைகளை நடத்தியது. 2016இல் முடிவு வந்தது: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

சோதனைக் குழாயில் அத்தனை திறமையாகக் கொன்ற மூலக்கூறு புண்ணில் ஏன் சோபிக்கவில்லை? ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் நாட்பட்ட புண்ணின் சூழல் பெப்டைடுக்குப் பகையானது என்பதில் சந்தேகமில்லை. வெள்ளையணுக்கள் கொட்டிய எலாஸ்டேஸும் பாக்டீரியாவின் நொதிகளும் அதைத் துண்டாடுகின்றன. புண்நீரில் உள்ள உப்பு, பெப்டைடுக்கும் சவ்வுக்கும் இடையிலான மின் ஈர்ப்பைத் தளர்த்துகிறது. அல்புமின் போன்ற புரதங்களும் உயிர்ப்படலத்தின் டிஎன்ஏவும் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இவற்றை மீற அளவைக் கூட்டினால் மனித செல்லின் சவ்வும், குறிப்பாகச் சிவப்பணு, பாதிக்கப்படும். கொல்லும் திறனை மேலும் மேலும் கூட்டுவதில் ஆய்வாளர்கள் செலவிட்ட ஆண்டுகளில் பாதியையாவது, பெப்டைடைப் புண்ணில் பத்திரமாக வைத்திருப்பதற்குச் செலவிட்டிருக்கலாம். ஜெல் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

ஜெல் செய்யும் வேலை

நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஆங்காங்கே பிணைந்து வலையாகி, தங்கள் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்தால் அது ஹைட்ரோஜெல். தண்ணீரில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி உருவாகும் வழுவழுப்பான உறையும் ஒரு ஹைட்ரோஜெல்தான். புண்ணின் மேல் இது ஈரத்தைக் காக்கும், கசிவை உறிஞ்சும், கட்டு பிரிக்கும்போது புதுத் தோலைப் பிய்க்காது. ஜெல் கட்டுகள் பல ஆண்டுகளாகவே மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பெப்டைடு இல்லை.

பெப்டைடை ஜெல்லில் ஏற்றச் சுலபமான வழி கலந்துவிடுவது. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலாடைக்கட்டியைக் கெடாமல் வைக்கப் பயன்படும் நிசின் என்னும் பெப்டைடைக் கொத்தவரை விதைப் பிசினில் கலந்து ஜெல்லாக்கி, சர்க்கரைப் பாதப்புண்களிலிருந்து எடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் மீது சோதித்தார்கள். அது வேலை செய்தது. உலகில் இந்தப் பிசினை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். கலந்துவிடும் முறையில் ஒரு தொல்லை, சிறிய மூலக்கூறு வலையின் இடைவெளி வழியே வேகமாக வெளியேறிவிடும். முதல் சில மணி நேரத்தில் வெள்ளமாக வந்து, மறுநாள் வறண்டுபோகும்.

நேர் எதிரான வழி, பெப்டைடை வலையோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஆண்டர்சன் குழு இதைச் செய்துவருகிறது. ஆம்ஃபெரியா என்னும் நிறுவனமும் அதிலிருந்து பிறந்தது. அந்த ஜெல்லில் பெப்டைடு எங்கும் போவதில்லை. தொட்ட பாக்டீரியாதான் சாகும். கட்டப்பட்ட நிலையில் நொதிகள் அதை எளிதாக வெட்ட முடிவதில்லை என்பதால் ஆயுளும் கூடுகிறது. உடலுக்குள் கலக்காததால் நச்சுப் பயமும் குறைவு. ஆனால் புண்ணின் மடிப்புக்குள், ஜெல் தொடாத இடத்தில் உள்ள கிருமி தப்பிக்கும். வலையோடு கட்டும் சங்கிலி மிகக் குட்டையாக இருந்தால் பெப்டைடு சவ்வுக்குள் அழுந்தவும் முடியாது.

மூன்றாவதாக, பெப்டைடே ஜெல்லாவதும் உண்டு. அமெரிக்காவில் ஜோயல் ஷ்னைடரும் டேரின் போச்சனும் உருவாக்கிய மேக்ஸ்1 என்னும் 20 அமினோ அமிலப் பெப்டைடு, உப்பு கலந்த நீரில் தானாகவே மடிந்து வலையாகிறது. அந்த வலையின் மேற்பரப்பே பாக்டீரியாவைக் கொல்கிறது. அழகான வேதியியல், ஆனால் ஜெல் முழுவதையும் பெப்டைடாகவே செய்வது விலையில் கட்டுப்படியாவது கடினம்.

பட்டு ஜெல்

கலந்துவிடுவது, கட்டிப்போடுவது என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்பது பட்டு. ஆய்வக முறை ஆரணிக் கொப்பரையைப் போலவே தொடங்குகிறது. பட்டுக்கூடுகளை வெட்டிப் புழுவை எடுத்துவிட்டு, நீர்த்த சோடியம் கார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் செரிசின் போய்விடும். அதிகம் கொதிக்கவிட்டால் ஃபைப்ராயின் சங்கிலிகளே அறுபட்டு ஜெல் நோஞ்சானாகிவிடும். நூல் சாயத்துக்குத் தயாரா என்று பார்ப்பவரின் கவலையும் இதே இடத்தில்தான்: பசை மிச்சமிருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், கொதி மிஞ்சினால் நூலின் பலம் போகும்.

உலர்ந்த பஞ்சுபோன்ற ஃபைப்ராயினை அடுத்து அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் நான்கு மணி நேரம் வைக்கிறார்கள். தண்ணீரில் ஒருபோதும் கரையாத பட்டு, தேன் நிறத்தில் கெட்டியான திரவமாகிறது. அதைச் சவ்வுப் பைக்குள் ஊற்றி, இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றினால் தூய ஃபைப்ராயின் கரைசல் கிடைக்கும். லித்தியம் உப்பு விலை அதிகம் என்பதால் கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணீர் மூன்றையும் சேர்த்த மலிவான கரைப்பானையும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

புழுவின் பட்டுச் சுரப்பியிலும் ஃபைப்ராயின் திரவமாகத்தான் இருக்கிறது. அதன் பெரிய சங்கிலியில் 5,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் மூன்றும் மாறி மாறி வரும் தொடர். புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி இழையை இழுக்கும்போது சங்கிலிகள் நீண்டு, அடுக்கடுக்கான தகடுகளாகப் படிந்து உறைகின்றன. ஆய்வகத்தில் அதே தகடுகளைச் சிறிய அளவில், ஆங்காங்கே உருவாக்கினால் அவையே வலையின் முடிச்சுகள். கரைசலை மீயொலியால் சில நொடிகள் அதிரவைப்பது ஒரு வழி. அதிர்ந்த கரைசல் உடனே உறைவதில்லை. சிறிது நேரம் திரவமாகவே இருந்து, பிறகு பால் நிறத்தில் கெட்டியாகிறது. இந்த இடைவெளியில் பெப்டைடைக் கலந்துவிடலாம், ஊசியால் புண்ணின் குழிக்குள்ளும் செலுத்தலாம். முடிச்சுப் போட வேதிப்பொருள் எதுவும் வேண்டியதில்லை. பெராக்சைடும் நொதியும் கொண்டு உறையவைக்கும் இன்னொரு முறை தெளிந்த, மீள்திறன் உள்ள ஜெல்லைத் தரும். ஆனால் பெராக்சைடு சில பெப்டைடுகளைக் கெடுத்துவிடும்.

பட்டின் உண்மையான அனுகூலம் மின்னூட்டத்தில் இருக்கிறது. உடலின் அமிலத்தன்மையில் ஃபைப்ராயின் எதிர்மின்னூட்டம் உடையது, பெப்டைடு நேர்மின்னூட்டம் உடையது. எந்த ஈர்ப்பு பெப்டைடைப் பாக்டீரியாவின் சவ்வுக்கு இழுக்கிறதோ அதே ஈர்ப்பு, சற்றுத் தளர்வாக, அதை ஜெல்லுக்குள்ளும் பிடித்துவைக்கிறது. கட்டிப்போடாமலேயே வெளியேற்றம் மெதுவாகிறது. பிடி அதிகமாகிவிட்டால் பெப்டைடு வெளியே வராமலேயே கிடக்கும் என்பதால் இரண்டின் விகிதத்தையும் ஒவ்வொரு பெப்டைடுக்கும் தனியாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஃபைப்ராயின் புண்ணில் உள்ள நொதிகளால் மெல்லக் கரையும் என்பதால், கரையக் கரைய மிச்சமும் வெளிவரும்.

சீன ஆய்வாளர்கள் 2008 வாக்கிலேயே ஃபைப்ராயின் படலத்தின் மீது செக்ரோப்பின் பி பெப்டைடைப் பிணைத்துப் பார்த்தார்கள். இத்தாலியில், செக்ரோப்பினைப் பட்டோடு சேர்த்தே நூற்கும்படி புழுவின் மரபணுவை மாற்றினார்கள். அந்தப் பட்டில் பாக்டீரியா வளர்ச்சி குறைந்தது. இந்தியாவில் குவாஹாட்டி ஐஐடியில் பிமன் மண்டலின் குழு, அசாமின் மூகா, எரிப் பட்டுகளையும் மல்பெரிப் பட்டையும் மெல்லிழை விரிப்புகளாக்கி, வளர்ச்சிக் காரணிகளோடு எல்எல்-37ஐயும் ஏற்றி, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட முயல்களின் காயங்களில் சோதித்தது. அது ஜெல் அல்ல என்றாலும் கருத்து ஒன்றே. பெங்களூருவில் ஃபைப்ரோஹீல் என்னும் நிறுவனம் பட்டுப் புரதத்தாலான காயக் கட்டுகளை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொலாஜனிலிருந்து காயக் கட்டுகள் செய்வதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளது. பெப்டைடு ஏற்றிய பட்டு ஜெல் மட்டும் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

மூலப்பொருள் தட்டுப்பாடு இதற்குக் காரணமல்ல. நூற்பிலும் முறுக்கேற்றுவதிலும் தறியிலும் விழும் பட்டுக் கழிவே ஆய்வுக்கும் ஆரம்பகட்ட உற்பத்திக்கும் தாராளம். ஒரு சேலைக்கான நூல் பல நூறு கட்டுகளுக்குப் போதும். அறுந்த இழையும் கரைசலில் ஒன்றுதான். வேறொரு ஆட்சேபம் எழலாம். ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் உள்ள திருமலை, குந்தவை ஜினாலயமும் ஒரே பாறையில் செதுக்கிய சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையும் கொண்ட சமணத் தலம். கூட்டுக்குள் புழுவை உயிரோடு அவித்து எடுக்கும் பட்டு அங்கே எளிதில் ஏற்கப்படாத பொருள். ஜெல்லைப் பொறுத்தவரை இதற்கு விடை உண்டு. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை அறுந்திருக்கும், நீள நூலாக எடுக்க முடியாது. ஆனால் கரைப்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பெப்டைடுக்கும் புழு தேவையில்லை; அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து இயந்திரத்தில் செய்துவிடுகிறார்கள்.

மீதமிருக்கும் தடைகள்

அமினோ அமிலங்களை இப்படிக் கோப்பதுதான் செலவு. ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் சேர்க்கும்போது ஒரு சுற்று வினை, ஒரு சுற்றுக் கழுவல். 37 நீளம் என்றால் 37 சுற்று, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வீணாகும். எனவே முழு நீளப் பெப்டைடின் வேலையைச் செய்யும் 10, 15 அமினோ அமிலத் துண்டுகளைத் தேடுகிறார்கள். நுண்ணுயிரிகளில் மரபணுவைப் புகுத்திச் செய்யலாமே என்றால், பாக்டீரியாவைக் கொல்லும் பொருளைப் பாக்டீரியாவையே செய்யச் சொல்வதில் உள்ள சிக்கல் வெளிப்படை. வேறொரு புரதத்தோடு ஒட்டி மூடிவைத்துச் செய்து, பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

கிருமிநீக்கம் அடுத்த சிக்கல். புண்ணில் வைக்கும் பொருளில் ஓர் உயிருள்ள கிருமியும் இருக்கக்கூடாது. ஜெல்லை அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வேகவைத்தால் அதன் தன்மை மாறும், பெப்டைடும் கெடலாம். காமா கதிர் பட்டால் சங்கிலிகள் அறுபடும். உறைவதற்கு முன் கரைசல்களை நுண்துளை வடிகட்டியில் செலுத்தி, கிருமியற்ற அறையில் கலந்து உறையவைப்பது பாதுகாப்பான வழி. உற்பத்திச் செலவில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும்.

சேமிப்பில் பட்டு கைகொடுக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் காப்லனின் குழு, பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் தடுப்பூசியையும் ஃபைப்ராயின் படலத்துக்குள் உலர்த்தி வைத்து, குளிர்சாதனப் பெட்டி இல்லாமலேயே வீரியம் நிலைப்பதை 2012இல் காட்டியது. சித்திரை வெயிலில் மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது சிறிய விஷயமல்ல. பெப்டைடும் இப்படி நிலைத்தால், உலர்ந்த தகடாக அனுப்பி, கட்டுப் போடும்போது உப்புநீரில் நனைத்து ஜெல்லாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக மருத்துவச் சோதனை. வெறும் ஜெல் கட்டு 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளுக்குள் வரும். கிருமியைக் கொல்லும் பெப்டைடைச் சேர்த்து, அதுதான் வேலை செய்கிறது என்று சொன்னால் புது மருந்துக்குரிய சோதனைகள் அனைத்தும் கேட்கப்படும். பெக்சிகனன் சோதனையில் மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களுக்கும் புண் நன்றாகவே ஆறியது. அழுகிய திசுவை அகற்றி, பாதத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டாலே இலேசான புண்களில் பாதிக்கு மேல் தேறிவிடும். அத்தகைய புண்களில் எந்தப் பெப்டைடும் தன் பலத்தைக் காட்ட இடமில்லை. அடுத்த சோதனைகள் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியான புண்களில் நடக்க வேண்டும். ஒப்பீடும் மூன்று பிரிவுகளாக இருக்க வேண்டும்: வழக்கமான சிகிச்சை, அதோடு வெறும் பட்டு ஜெல், அதோடு பெப்டைடு ஏற்றிய பட்டு ஜெல். நடுப்பிரிவு இல்லாவிட்டால், புண் ஆறியது பெப்டைடாலா பட்டாலா என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.